ஒன்றும் ஆகவில்லை

தம்பி அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் நான் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவேன். மூன்று வருடங்களாக இதுதான் வழக்கமாக இருந்தது. பிறந்தநாள், புதுமனை புகுவிழா, பொங்கல் என்று டொரொண்டோவில் நாங்கள் கூடும் வீடுகளில் யாராவது ஒருவர், "அந்த ஏரிக் கதையைச் சொல்லுப்பா" என்று எடுத்துக்கொடுப்பார். அவனும் சொல்வான். அலையின் உயரம் ஒவ்வொரு முறையும் அரை அடி கூடும். அது பரவாயில்லை, கதை என்றால் கூடத்தான் செய்யும். அதன் முடிவைத்தான் என்னால் உட்கார்ந்து கேட்க முடியாது. "அண்ணன் மட்டும் பின்னால இல்லேன்னா அன்னைக்கு நான் காலி" என்பான். எல்லோரும் என்னைத் தேடுவார்கள். நான் அப்பளம் சிவந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவன் சொல்வதில் பொய் இல்லை. அன்று பின்னால் இருந்தவன் நான்தான். அந்தப் படகை அந்தக் காற்றுக்குள் கொண்டுபோனவனும் நான்தான்.

நான்கு வருடங்களுக்கு முந்தைய மே மாதம், விக்டோரியா டே நீண்ட வார இறுதி. நான்கு பேர், இரண்டு கனூ, மூன்று இரவுகள். இடம் அல்கோன்குவின் பூங்கா. பூங்கா என்றதும் நம் மனதில் சிமெண்ட் பெஞ்சும் ஊஞ்சலும் வந்துவிடும். இது ஒண்டாரியோ அரசு 1893இல் ஒதுக்கிவைத்த காடு. 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். இன்றைய தஞ்சாவூர் மாவட்டம் இரண்டை அதற்குள் வைத்துவிடலாம். தெற்கு மூலையை ஒரு நெடுஞ்சாலை வெட்டிக்கொண்டு போகிறது, மற்றபடி ஏரியும் காடும்தான். உள்ளே போக வேண்டும் என்றால் கனூவில் போக வேண்டும். ஒரு ஏரி முடிந்ததும் படகைத் தலைக்குமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிவரை காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். அந்த நடைக்கு போர்ட்டேஜ் என்று பெயர். டப்பாவும் கண்ணாடி பாட்டிலும் உள்காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் ஊறுகாயைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போனோம். அதன் எண்ணெய் மாப்ளையின் தூங்கும் பைக்குள் இறங்கியது தனிக் கதை.

கனூவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினாறு பதினேழு அடி நீளம், மூன்றடிக்குள் அகலம். முன்னால் இருப்பவர் வலு கொடுக்கிறார். பின்னால் இருப்பவர் வலுவும் கொடுத்து திசையும் திருப்புகிறார். பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகு மட்டுமே தெரியும். மூன்று நாளும் நான் தம்பியின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களை வழிநடத்தியவரை நாங்கள் பெரியண்ணன் என்போம். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், அந்தப் பூங்காவுக்கு எட்டோ ஒன்பதோ முறை போயிருக்கிறார். மாப்ள என் கல்லூரி விடுதித் தோழன். தம்பி என் அலுவலகத்தில் எனக்குக் கீழே வேலை செய்பவன், கனடா வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது, திருநெல்வேலிப் பக்கம். போகும் வழியில் காரில் கேட்டேன், "நீச்சல் தெரியும்ல?" என்று. "தாமிரபரணில குளிச்சு வளந்தவன்ணே" என்றான். எல்லோரும் சிரித்தோம். பேச்சு கரடிக்குப் போய்விட்டது.

கரடியைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் பேசினோம். 1991 அக்டோபரில் நாங்கள் போன அதே ஒபியோங்கோ ஏரியில், பேட்ஸ் தீவில், ஒரு கருங்கரடி இருவரைக் கொன்றது உண்மை. ஆனால் அது மிக அரிதான சம்பவம். நாங்கள் ஒவ்வொரு இரவும் அரிசி மூட்டையை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட ஒரு மணிநேரம் செலவிட்டோம். பயத்தை எல்லாம் கரடிக்குக் கொடுத்துவிட்டதால் தண்ணீருக்குக் கொடுக்க எங்களிடம் மிச்சம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஒபியோங்கோ அந்தப் பூங்காவிலேயே பெரிய ஏரி. கைகளை விரித்துக் கிடப்பதுபோல மூன்று பெரும் பிரிவுகள். தெற்குக் கையின் முனையில் கார் நிறுத்துமிடம். அங்கிருந்து மோட்டார் படகு வாடகைக்கு உண்டு. பணம் கொடுத்து முன்பே சொல்லிவைத்தால் கனூவையும் ஏற்றிக்கொண்டு கொண்டுவிடுவார்கள், திரும்பக் கூட்டியும் வருவார்கள். பெரியண்ணன் அதை ஒரு மானக்கேடாக நினைப்பவர். "மோட்டரில போறதெண்டா வீட்டில இருந்து டிவி பாக்கலாம்" என்றார். நாங்கள் போகும்போது ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. அந்த இரண்டு நாட்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை வேறு ஒன்றாகிவிடும். லூன் பறவை இரவில் எழுப்பும் சத்தத்தை முதல்முறை கேட்டபோது யாரோ காட்டுக்குள் அழுகிறார்கள் என்று தம்பி எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை சீக்கிரம் கிளம்பியிருக்க வேண்டும். பெரிய ஏரியைக் காற்று எழும்புவதற்கு முன் கடந்துவிட வேண்டும் என்பது அங்கே போகிற எல்லோருக்கும் தெரியும். நாங்கள் முந்தைய இரவு நெருப்பைச் சுற்றி இரண்டு மணிவரை இளையராஜாவைப் பற்றிச் சண்டை போட்டோம். எழுந்து, உப்புமா கிண்டி, கூடாரம் மடித்து, தண்ணீரில் இறங்கும்போது மணி பதினொன்று. தெற்குக் கையின் வாயிலுக்கு வந்தபோது மேற்கிலிருந்து காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு சின்ன விஞ்ஞானம். காற்று வரும் பக்கத்துக் கரையில் நின்று பார்த்தால் ஏரி எப்போதும் சாதுவாகத்தான் தெரியும். கரை மரங்கள் காற்றை மறைக்கும். அலை, தண்ணீர்மேல் காற்று ஓடும் தூரத்துக்கு ஏற்ப வளரும். ஆகவே நம் காலடியில் சிற்றலைதான் இருக்கும், ஒரு கிலோமீட்டர் தள்ளி அது முழங்கால் உயரம் ஆகியிருக்கும். அங்கே போனபிறகுதான் அதைச் சரியாகப் பார்க்க முடியும். அதற்குள் திரும்புவதும் முன்னே போவதும் ஒரே அளவு ஆபத்தாகியிருக்கும். தூரத்தில் வெள்ளை நுரை தெரிகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். தெரிந்தது. நான் பார்த்தேன்.

கரையை ஒட்டிப் போனால் இரண்டு மடங்கு தூரம், அதிலும் ஓர் இடத்தில் திறந்த நீரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நேராக வெட்டினால் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாவது வழி, கரையிலேயே உட்கார்ந்திருப்பது. மாலையில் பெரும்பாலும் காற்று அடங்கும். ஏழு மணிக்குக் கடந்தால் வீட்டுக்குப் போக நள்ளிரவாகும். மாப்ளைக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு மீட்டிங். இவ்வளவுதான் தராசின் இன்னொரு தட்டில் இருந்தது.

"நான் எத்தினை தரம் கடந்திருக்கிறன். ஒண்டும் நடக்காது, பயப்பிடாதேங்கோ" என்றார் பெரியண்ணன். மாப்ள தோளைக் குலுக்கினான். நான் தம்பியிடம் திரும்பி, "என்ன தம்பி, போலாம்ல?" என்றேன்.

"நீங்க சொன்னா சரிண்ணே."

இந்த இரண்டு வாக்கியங்களில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குப் பின்னால் புரிந்தது. 'போகலாமா' என்பது கேள்வி. அதற்கு ஆமாம், இல்லை என்று இரண்டு பதில் உண்டு. 'போலாம்ல' என்பதில் அந்தக் கடைசி 'ல' பதிலையும் சேர்த்தே கொண்டுவந்துவிடுகிறது. எதிரில் இருப்பவர் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அதிலும் கேட்பவன் அண்ணன், அலுவலகத்தில் மேலே இருப்பவன், காரில் கூட்டிவந்தவன். 'நீங்க சொன்னா சரி' என்பது சம்மதம் போலத் தெரியும். பிரித்துப் பார்த்தால் அதில் அவன் தன் கருத்து என்று எதையும் சொல்லவில்லை. முடிவை என்னிடமே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். நம் வீடுகளில் பெண் பார்க்கும் இடத்திலிருந்து ஆஸ்பத்திரிவரை இப்படித்தான் எத்தனையோ சம்மதங்கள் வாங்கப்படுகின்றன.

பனி உருகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கையை விட்டால் எலும்பில் வலிக்கும் தண்ணீர். குளிர்நீரில் விழுந்தவர்களுக்கு ஒன்று-பத்து-ஒன்று என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிப் பரவியது. மூச்சுத் திணறலைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணிநேரம். லைஃப் ஜாக்கெட் தலையை மேலே வைத்திருக்கும், குளிரை நிறுத்தாது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதில்லை. அந்த வீடியோவைப் பயணத்துக்கு முன்பு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டவனே நான்.

கடந்தோம். சுமார் ஐம்பது நிமிடம். பாதியில் அலை பக்கவாட்டில் ஏறி உள்ளே கொட்டத் தொடங்கியது. முட்டிபோட்டு உட்காரச் சொன்னேன். ஒரு பெரிய அலைக்குத் தம்பி துடுப்பை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். முன்னால் வலு இல்லாவிட்டால் படகு திரும்பிக் காற்றுக்குக் குறுக்கே போய்விடும். "துடுப்பைப் போடுடா!" என்று கத்தினேன். அதுவரை அவனை 'டா' போட்டதில்லை. அவன் முதுகு ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு துடுப்பு நீரில் இறங்கியது. கரை சேர்ந்ததும் பெரியண்ணன் ஃப்ளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொடுத்து, "பாத்தீங்களோ, ஒண்டும் நடக்கேல்லை" என்றார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு விருந்தில் தம்பியின் மனைவி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், "இவருக்கு நீச்சலே தெரியாதே. ஆத்துல படித்துறைய விட்டு இறங்க மாட்டாங்க" என்று. அவன் என்னிடம் பொய் சொல்லவில்லை. குளித்தேன் என்றான். நீந்தினேன் என்று எனக்கு வசதியாகக் கேட்டுக்கொண்டது நான்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் நான் செய்தது தவறா?

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவ அறிஞர்கள் இதை ஒட்டிய ஒரு விவாதத்தைத் தொடங்கினார்கள். அறவியல் அதிர்ஷ்டம் என்று தமிழில் சொல்லலாம். நேகல் சொல்லும் உதாரணம் எளிமையானது. இரண்டு பேர் குடித்துவிட்டு ஒரேபோல வண்டியை நடைபாதையில் ஏற்றிவிடுகிறார்கள். ஒருவனின் பாதையில் யாரும் இல்லை, இன்னொருவனின் பாதையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். செய்கை ஒன்றுதான். ஆனால் ஒருவனைத் திட்டி அனுப்புகிறோம், இன்னொருவனைக் கொலைகாரன் என்கிறோம். தன் கையில் இல்லாத ஒன்றுக்காக ஒருவனை எப்படிக் குறைகூறுவது அல்லது விட்டுவிடுவது? இதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே காண்ட், நல்ல சித்தம் விளைவைப் பார்க்காமலே தன்னளவில் மணிபோல ஒளிரும் என்றார். கெட்டதற்கும் அது பொருந்தத்தானே வேண்டும்?

எனக்கு இந்த வாதங்களைவிடப் பாண்டியன் நெடுஞ்செழியன் உதவினான். சிலம்பைப் பற்றி விசாரிக்காமல், ஊடிய தேவியைத் தணிக்கப் போகும் அவசரத்தில் கோவலனைக் கொல்ல உத்தரவு கொடுக்கிறான். கண்ணகி வந்து சிலம்பை உடைக்கிறாள், உள்ளே முத்து இல்லை, மாணிக்கம். அவன் அங்கேயே விழுந்து சாகிறான். இப்போது ஒரு சிறு மாற்றம் செய்து பார்க்கலாம். கோவலன் உண்மையிலேயே திருடனாக இருந்திருந்தால்? உடைந்த சிலம்பிலிருந்து முத்து தெறித்திருந்தால்? பாண்டியன் விசாரிக்காதது விசாரிக்காததுதான், அவசரம் அதே அவசரம்தான். ஆனால் அவன் செங்கோல் வளையவில்லை என்றே எல்லோரும் சொல்லியிருப்பார்கள், அவனும் நம்பியிருப்பான், அடுத்த வழக்கையும் அப்படியே தீர்த்திருப்பான். நான் முத்து தெறித்த பாண்டியன். எனக்கு எதிரே தலைவிரி கோலமாக யாரும் வந்து நிற்கவில்லை.

தமிழில் படகு என்றதும் கணியன் பூங்குன்றனாரின் தெப்பத்தை நினைக்காமல் இருக்க முடியாது. ஆற்று நீர் இழுக்கும் வழியில் போகும் தெப்பம்போல உயிரும் முறைவழியே போகிறது என்கிற அந்தப் பார்வை பெரிய ஆறுதல். நடுவில் சில மாதம் நானும் அதில் சாய்ந்துகொள்ளப் பார்த்தேன். ஆனால் அந்தத் தெப்பத்தை நினைத்துப் பார்க்கும்போது என் கண்ணுக்கு அதில் துடுப்பு இல்லை. என் கையில் துடுப்பு இருந்தது, முன்னால் வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

மாப்ளையிடம் இதைப் பேசினேன். "அதான் ஒண்ணும் ஆகலையே, இப்ப எதுக்குடா இழுக்குற?" என்றான். பிறகு அவன் சொன்னது அவ்வளவு எளிதாகத் தள்ளக்கூடியதில்லை. "அப்படிப் பாத்தா 401ல தினமும் வண்டி ஓட்டுறோம், அதுவும் ஆபத்துதான். பெத்தவங்க பேச்சைக் கேட்டா கனடாவுக்கே வந்திருக்க மாட்டோம். அவன் என்ன சின்னப் பிள்ளையா? வேணாம்னா சொல்லியிருக்கலாம்ல?" ஆபத்தே இல்லாமல் ஒன்றும் இல்லை என்பது சரி. காட்டுக்குப் போவதே அதற்காகத்தான். நான் தனியாக அந்தக் காற்றில் போயிருந்தால் முட்டாள்தனம் என்று எழுதிவிட்டு விட்டிருப்பேன். என் உயிரை என் மீட்டிங்குக்காகப் பணயம் வைப்பது என் கிறுக்கு. இன்னொருவன் உயிரை இன்னொருவன் மீட்டிங்குக்காக வைக்கும்போது, வேண்டாம் என்று அவன் சொல்ல இடம் இருந்ததா என்று பார்ப்பது என் வேலை. 'சொல்லியிருக்கலாம்ல' என்று கேட்கும் மாப்ளைகூட அன்று பெரியண்ணன் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை, தோளைத்தான் குலுக்கினான். பின்னொரு நாள் கேட்டபோது தனக்கும் பயமாகத்தான் இருந்தது என்றான். எனக்கும் இருந்தது. பெரியண்ணனை இன்னும் கேட்கவில்லை. நான்கு பேரும் பயந்துகொண்டு நான்கு பேரும் சரி என்றிருக்கிறோமோ என்னவோ.

டெமிஸ்கமிங் ஏரியைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். ஒண்டாரியோவுக்கும் கியூபெக்குக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஏரி. 1978 ஜூன் 11 அன்று ஓர் ஆண்கள் பள்ளியைச் சேர்ந்த 27 மாணவர்களும் 4 பெரியவர்களும் நான்கு பெரிய கனூக்களில் ஜேம்ஸ் விரிகுடாவை நோக்கிக் கிளம்பினார்கள். முதல் நாளே காற்றில் ஒரு படகு கவிழ்ந்தது. உதவப் போனவையும் சேர்த்து மூன்று கவிழ்ந்தன. 12 சிறுவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள், குளிர் கொன்றது. கஷ்டம்தான் பிள்ளைகளை மனிதர்களாக்கும் என்று நம்பிய ஒரு கல்வி இயக்கம் அது. அந்த நாளுக்கு முன் பல வருடங்களாக மேற்கு மாகாணங்களில் அவர்கள் இப்படிப்பட்ட நீண்ட படகுப் பயணங்களை நடத்தி வந்திருக்கிறார்கள். பையன்கள் திரும்பி வந்தார்கள், பெருமைப்பட்டார்கள். பிற்பாடு ஜேம்ஸ் ராஃபன் அந்த விபத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு உறைத்தது வேறொன்று. நல்லபடியாக முடிந்த அத்தனை பயணங்களும் அவர்களுக்கு ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கும் அல்லவா? பெரியண்ணனின் 'எத்தினை தரம் கடந்திருக்கிறன்' என்பதும் அதே பாடம்தான்.

ஆனாலும் நான் தம்பியிடம் பேசவில்லை. பேசாததற்கு நல்ல காரணம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். அவனுக்கு அது சந்தோஷமான நினைவு. புது நாட்டில் அவனுக்குக் கிடைத்த முதல் சொந்தக் கதை. அவன் நன்றி சொல்கிற இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டால் அந்தக் கதையைப் பிடுங்குவதாகாதா? என் மனச்சுமையை இறக்கிவைக்க அவன் தோள் எதற்கு? இப்படி எல்லாம். இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, சமையலறையில் நின்றுகொண்டிருந்தாலும் அந்தக் கடைசி வாக்கியம் எனக்குக் கேட்கத்தான் செய்தது. கேட்க நன்றாகவும் இருந்தது.

இந்த ஏப்ரலில் தொலைபேசியில் கூப்பிட்டான். மே மாதம் மனைவியையும் இன்னொரு ஜோடியையும் அழைத்துக்கொண்டு அதே ஏரிக்குப் போகப் போகிறானாம். என்னிடம் இருந்த வரைபடத்தைக் கேட்டான். மோட்டார் படகுக்குச் சொல்லிவிட்டாயா என்றேன்.

"எதுக்குண்ணே வீண் செலவு? காத்து அடிச்சாலும் கடந்துரலாம். நாம கடந்தோம்ல."

அந்த 'ல'.

சொல்லிவிட்டேன். அன்று கடந்தது தவறு, கடந்தபிறகும் தவறுதான் என்றேன். நுரையைப் பார்த்தேன் என்றேன். நீ சரி என்றது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். அவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை, உளறினேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப ஏண்ணே போலாம்னீங்க?"

"மாப்ளைக்கு மறுநாள் காலைல மீட்டிங் இருந்துச்சு."

"அவ்வளவுதானாண்ணே?"

"அவ்வளவுதான்."

மறுபடி அமைதி. பிறகு மோட்டார் படகுக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று கேட்டான். சொன்னேன். வேறு எதுவும் பேசவில்லை. போய்விட்டுப் பத்திரமாக வந்தார்கள். வந்ததைக் குழுவில் ஒரு படம் போட்டுத் தெரிவித்தான்.

ஜூனில் ஒரு குழந்தையின் பிறந்தநாள். சாப்பாட்டுக்கு முன் யாரோ வழக்கம்போல ஏரிக் கதையைக் கேட்டார்கள். நான் அந்த முறை எழுந்து போகவில்லை. தம்பி, "அது பெருசா ஒண்ணும் இல்லைங்க, கொஞ்சம் காத்து" என்று சொல்லிவிட்டு, தட்டுகளை எடுத்துவைக்க எழுந்தான்.